மருத்துவப் படிப்பு: பாதி வழியில் நிற்கலாமா?

“எதிர்காலத்தில் யாராக விரும்புகிறாய்?” என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் “டாக்டர்” என்போம். “எம்.பி.பி.எஸ். முடித்தபின்?” என்று கேட்டால் பலரும் விழிப்போம். அந்த இரண்டாவது கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டும் என்பது என் கருத்து.

நம் மாவட்டத்திலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆயினும் அரசுக் கல்லூரிகளில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுமா? நீட் மதிப்பெண் குறைந்தால் பெற்றோரின் பார்வை தனியார் பல்கலைக்கழகங்களின் பக்கம் திரும்புகிறது. அங்கே ஓர் ஆண்டுக் கட்டணமே பல லட்சம். நான்கரை ஆண்டுகள் படிப்பு. ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். பட்டம் கிடைக்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எம்.டி., எம்.எஸ். படிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் வேண்டும். அப்போதுதான், “பெண்பிள்ளைக்கு இது போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்” என்ற பேச்சு எழுகிறது. என் பாட்டி இப்போதே அப்படித்தான் சொல்கிறார்!

போதும் என்று நினைத்திருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நாடு அறிந்திருக்குமா? 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் திருமணம். அத்துடன் அவர் படிப்பு நின்றதா? இல்லை! இரு மக்களுக்குத் தாயான பின், 1925-இல் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர்பயிற்சி பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தொடக்கத்திலேயே முழுக் கணக்கையும் போட வேண்டும். ஐந்தரை ஆண்டுகளுக்கு மட்டுமல்ல, எட்டரை ஆண்டுகளுக்கும் கணக்குப் பார்த்தபின்பே நிலத்தில் கை வைக்க வேண்டும். தனியார் கல்லூரியில் படித்தவர்களும் முதுநிலை நீட் தேர்வில் நல்ல தரவரிசை பெற்றால் அரசுக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கலாம். அங்குள்ள முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. ஆகவே பெற்றோர் பணம் கட்டினால் போதாது. நாமும் முதல் ஆண்டிலிருந்தே உழைக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பிரிவில் வருமானம் மிகுதி என்று பாராமல், எதற்கு மருத்துவர் தேவை என்று பார்க்க வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெங்களூரில் 1963-இல் நம் ஆயர்கள் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைத் தொடங்கினர். இவையும் தனியார் நிறுவனங்களே. ஆனால் பிறந்தது பணத்திற்காக அல்ல, பணிக்காக அன்றோ?

பெற்றோர்களே! எங்களுக்காக நிலத்தை விற்கத் துணியும் உங்கள் அன்பை நாங்கள் அறிவோம். பாதி வழியில் எங்களை நிறுத்திவிடாதீர்கள். தோழியரே! மேற்படிப்பை முடித்து, அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஒரு தாயின் உயிரைக் காக்கும் நாளில்தான் அந்தக் கடன் தீரும். பாட்டியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி