ஊறுகாய் பாட்டிலில் ‘211’: பயம் எங்கே இருக்க வேண்டும்?

சூப்பர் மார்க்கெட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இப்போது நிறைய பேருக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். பொடி எழுத்தில் ‘பெர்மிட்டட் கிளாஸ் டூ பிரிசர்வேட்டிவ் (211)’ என்று இருக்கும். உடனே போனில் தேடுவோம். முதல் வீடியோவிலேயே புற்றுநோய், சிறுநீரகம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். பாட்டில் ஷெல்ஃபுக்கே திரும்பிவிடும். பக்கத்தில் ‘நோ பிரிசர்வேட்டிவ்ஸ்’ என்று பச்சை எழுத்தில் போட்ட பாட்டில், விலை கூடுதல் என்றாலும், கூடைக்குள் வந்துவிடும்.

இரண்டில் எது உடம்புக்கு நல்லது என்று கேட்டால், பதில் கொஞ்சம் வில்லங்கமானது.

211 என்பது என்ன?

சோடியம் பென்சோயேட். பென்சாயிக் அமிலத்தின் உப்பு. பெயர் ஃபேக்டரி வாசனை அடித்தாலும், அந்த அமிலம் நமக்கு அந்நியமில்லை. வீட்டில் புகை போடும் சாம்பிராணிப் பிசினிலிருந்துதான் அதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்தார்கள். பென்சாயிக் என்ற பெயரே அந்தப் பிசினிலிருந்து வந்தது. பட்டை, கிராம்பில் இயற்கையாகவே இருக்கிறது. தயிரிலும் துளியூண்டு உண்டு. ஆனால் இன்று கடைக்கு வருவது தொழிற்சாலையில் தயாரிப்பதுதான்.

புளிப்பான உணவில்தான் இதற்கு வேலை. அமிலத்தன்மை அதிகமாக இருக்கும்போது சோடியம் பென்சோயேட், பென்சாயிக் அமிலமாக மாறி ஈஸ்ட், பூஞ்சை செல்களுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் செல்லின் அமிலச் சமநிலையைக் கெடுத்து வளரவிடாமல் செய்கிறது. அதனால்தான் ஊறுகாய், தக்காளி சாஸ், ஜாம், ஸ்குவாஷ், கூல் டிரிங்க்ஸ் என்று புளிப்புள்ள பொருட்களிலேயே இதைப் பார்க்கிறோம். பொங்கலில் கொட்டினால் பெரிய பிரயோஜனம் இருக்காது.

உடம்புக்குள் போனால்? கல்லீரல் இதை கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்குகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும், சேர்ந்துகொண்டே போவதில்லை. ரத்தத்தில் அம்மோனியா ஏறும் அரிய பிறவிக் கோளாறுகளுக்கு இதையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள்.

உப்பும் பிரிசர்வேட்டிவ்தான்

இங்கேதான் சட்டம் சுவாரஸ்யமாகிறது. இந்திய உணவு விதிகள் பிரிசர்வேட்டிவ்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்பில் உப்பு, சர்க்கரை, வினிகர், மசாலா, தேன், சமையல் எண்ணெய். இவற்றுக்குப் பொதுவான உச்சவரம்பு கிடையாது. இரண்டாம் வகுப்பில் பென்சோயேட், சல்பர் டை ஆக்சைடு, சார்பிக் அமிலம், நைட்ரைட் போன்றவை. இவற்றுக்கு ஒவ்வொரு உணவிலும் தனி வரம்பு உண்டு. விதிவிலக்கு சொல்லாதவரை ஒரு பொருளில் ஒன்றைத்தான் சேர்க்கலாம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2011 விதிகளில் இருந்த பட்டியல்படி, பென்சாயிக் அமிலம் ஊறுகாயில் 250 பி.பி.எம். வரை, ஜாமில் 200, தக்காளி சாஸில் 750, தண்ணீர் கலந்து குடிக்கும் ஸ்குவாஷில் 600, அப்படியே குடிக்கும் இனிப்பு பானங்களில் 120. (விதிகள் பிறகு பலமுறை திருத்தப்பட்டுள்ளன. கணக்குப் புரிய இந்த எண்கள் போதும்.) 1 பி.பி.எம். என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்.

இப்போது தட்டைப் பார்ப்போம். ஒரு ஸ்பூன் ஊறுகாய் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், உச்சவரம்பு வரை சேர்த்திருந்தாலும் அதில் இருப்பது 3.75 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராம். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 300 மில்லிகிராம். அதைத் தொட 80 ஸ்பூன், அதாவது ஒரு கிலோவுக்கு மேல் ஊறுகாய் சாப்பிட வேண்டும். எவ்வளவு தயிர்சாதம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே ஸ்பூனில் உப்பு எவ்வளவு? உப்புநீரில் போடும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்கிறது அதே விதிமுறை. 15 கிராமில் 1.8 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான். ‘நோ பிரிசர்வேட்டிவ்ஸ்’ பாட்டிலில் கெடாமல் காக்கும் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? உப்பும் புளிப்பும் எண்ணெயும்தான். பி.பி. இருக்கிறவர் 211க்குப் பயந்து அந்தப் பாட்டிலை எடுத்தால், தப்பான எதிரியோடு சண்டை போடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

குழந்தையின் கணக்கு வேறு

பெரியவரின் கணக்கை வைத்துக் குழந்தைக்கும் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிவிட முடியாது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐரோப்பிய அளவுப்படி நாளுக்கு 75 மில்லிகிராம். உச்சவரம்பு வரை பென்சோயேட் உள்ள 300 மில்லி பானம் இரண்டு குடித்தாலே 72 மில்லிகிராம் ஆச்சு. கூடவே 20 கிராம் சாஸ் தொட்டு ஃபிரைஸ் சாப்பிட்டால் இன்னொரு 15. எல்லை தாண்டியாகிவிட்டது.

ஒரு நாள் தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதிப்பு வராது என்று போடும் கோடு அது. அந்தக் கோடு எங்கே என்பதிலும் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021இல் அதை 5லிருந்து 20 மில்லிகிராமாக உயர்த்தியது. அதன்படி அதே குழந்தைக்கு 300 வரை பிரச்சினை இல்லை. 2007இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, சில செயற்கை நிறங்களும் பென்சோயேட்டும் கலந்த பானம் சில குழந்தைகளின் துறுதுறுப்பை அதிகரித்ததாகச் சொன்னது. காரணம் நிறமா, பென்சோயேட்டா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பா எச்சரிக்கை வாசகம் கேட்டது நிறங்களுக்கு மட்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் இருந்தால், வெப்பமும் வெளிச்சமும் பட்டு மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை. 2006 வாக்கில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த பானங்களில் பெரும்பாலானவை பாஸ். சிலவற்றில் மட்டும் அந்நாட்டுக் குடிநீர் வரம்பைத் தாண்டி இருந்தது. நிறுவனங்கள் தயாரிப்பு முறையை மாற்றின. சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த பாட்டிலை நான் வாங்காததற்கு இதுதான் காரணம்.

லேபிளில் இல்லாதது

லேபிள் 211 இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. அளவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மேலே போட்ட கணக்கெல்லாம் நிற்கிறது. நூறு கிலோ ஊறுகாய் போடும் நிறுவனத்துக்கு வரம்பு 25 கிராம். எடை போடுவது சுலபம். ஆன்லைனில் விற்க வீட்டில் இரண்டு கிலோ போடுபவருக்கு வரம்பு அரை கிராம். கிராம் கணக்கில் காட்டும் சாதாரண கிச்சன் தராசில் அது தெரியவே தெரியாது. ‘ஒரு சிட்டிகை’ என்று கண்ணளவில் போட்டால் வரம்பைத் தாண்டியதே தெரியாமல் போகலாம்.

சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கிய உணவைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். விதிமீறல் உறுதியானால் கட்டிய பணம் திரும்ப வரும். தரம் குறைந்த உணவை விற்றவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 51ஆவது பிரிவு இடம் தருகிறது. பில்லையும், பாட்டிலில் உள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லாத பாட்டில் என்றால், 211 பற்றி யோசிப்பதற்கு முன்பே அதைக் கீழே வைத்துவிடலாம்.