சிவப்பு விளக்கில் ஒரு பாட்டு

லேக் மார்க்கெட் பகுதியில் பாட்டு வகுப்பை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாற்சந்தியில், சிவப்பு விளக்கைக் கண்டு டாக்சி நின்றது. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ரவீந்திர சங்கீதம் ஒலித்தது. பாடகியின் குரல் மேல் ஸ்தாயியை எட்டும் வேளையில் பச்சை விளக்கு எரிய, பின்னால் நின்ற பேருந்தின் ஹாரன் அந்தச் சுவரத்தை விழுங்கிவிட்டது. "அது எந்தப் பாட்டு?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பாட்டா? எங்கே?" என்றார் அவர்.

கொல்கத்தாவின் போக்குவரத்துச் சந்திப்புகளில் தாகூரின் பாடல்களை ஒலிபரப்பும் வழக்கம் 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. நோக்கம் நல்லதே. நுழைவுச்சீட்டு வாங்க இயன்றவர்களுக்கு மட்டுமே இசை என்றிருத்தல் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒலி பரவிய இடமெல்லாம் இசையும் சென்று சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

வங்காளத்து ரயில்களில் பாவுல் பாடகர்கள் ஏறிப் பாடுவதுண்டு. கையில் ஏக்தாரா; ஒலிபெருக்கி கிடையாது. முதல் அடியைப் பாடும்போதே பாடகரின் கண்கள் பயணிகளின் முகங்களை அளந்துவிடும். பேச்சு அடங்கினால் பாட்டு நீளும். அடங்காவிட்டால் அவர் அடுத்த பெட்டிக்குச் செல்வார். விரும்பியவர் பத்து ரூபாய் கொடுப்பார். விரும்பாதவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இருவர்க்கும் மனத்தாங்கல் இல்லை. கம்பத்து ஒலிபெருக்கியோ எதிரில் நிற்பவரின் முகத்தை அறியாது.

கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை என்னும் கருத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே ஒலிபெருக்கி வழக்கொன்றில் வலியுறுத்தியது. பின்னர், 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குத் தடை விதித்தன. இவற்றை இசைக்கு எதிரானவையாக நான் கருதவில்லை. தம்புராவின் சுருதி காதில் விழும் அளவுக்கேனும் அமைதி இருந்தால்தான் ராகம் உருப்பெறும். அந்த அமைதியை அறியாத நகரமன்று இது. 1952 முதல் நடைபெற்றுவரும் டோவர் லேன் இசை மாநாட்டில், ஜனவரி மாதக் குளிரில் இரவெல்லாம் விழித்திருந்து கேட்கும் மக்கள் வாழும் ஊர்.

"ஆயிரம் பேரில் ஒருவர் காதிலாவது விழட்டுமே" என்று சிலர் கூறலாம். எஞ்சிய 999 பேரைப் பற்றியதே என் கவலை. நாள்தோறும் காதில் விழுவதைப் பொருட்படுத்தாதிருக்கப் பழகிய மனம், கேட்டே ஆகவேண்டிய இடத்திலும் கேளாது போய்விடும்.

தாகூர் உற்றுக் கேட்டவர். சாந்திநிகேதனில் பயின்ற சாவித்திரி என்னும் தென்னாட்டு மாணவி, முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம்' கிருதியை அவர்முன் பாடினார். அந்த மெட்டைத் தழுவியே 'பாஸந்தி ஹே புவனமோஹினி' என்னும் வங்கப் பாடல் பிறந்தது. மதுரை மீனாட்சியைப் போற்றிய இசை, வங்காளத்தின் வசந்தத்தைப் பாடலாயிற்று. பாடியவர் ஒருவர், மனம் வைத்துக் கேட்டவர் ஒருவர். இவ்விருவரே அதற்குப் போதுமாயிருந்தனர்.

ஆகவே, பொது இடத்தில் இசையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. சந்திப்புகளில் ஒலியைக் குறைக்கலாம். நெரிசல் மிகுந்த இடங்களில் நிறுத்திவிடலாம். அதற்கு மாறாக, ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும் பூங்காக்களிலும் காலையில் ஒரு மணி நேரம், இளம் கலைஞர்கள் ஒலிபெருக்கியின்றி நேரில் பாட இடமளிக்கலாம். அவர்களுக்குரிய சன்மானத்தையும் வழங்கவேண்டும். நடந்து செல்வோர் விரும்பினால் நிற்கட்டும். இல்லையேல் தம் வழியே செல்லட்டும்.

எனக்கு வண்டியோட்டிய அந்த ஓட்டுநரும் ஒருநாள் அவ்விடத்தில் டாக்சியை ஓரமாக நிறுத்திவிட்டு, சற்று நேரம் கேட்டுச் செல்வார் என்றே நம்புகிறேன்.