தேன் கூட்டில் தீப்பந்தம்: தெருவுக்கு யார் பொறுப்பு?

வேப்ப மரம் பூக்க ஆரம்பித்தால் போதும், சென்னையில் மலைத்தேனீ வந்து இறங்கி விடுகிறது. மலை எங்கே, பாறை எங்கே என்று அது தேடுவதில்லை. மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மேம்பாலத்தின் அடிப்பக்கமும் அதற்குப் பாறைதான். முறம் அகலத்துக்கு, சில இடங்களில் கதவு அகலத்துக்கு, கறுப்பாகத் தொங்குகிறது கூடு.

கீழே இஸ்திரி வண்டி, பால் பூத், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சங்கிலியில் கட்டிய நாய். மேலே பல ஆயிரம் கொடுக்கு!

தேனீ கொட்டிப் பத்துப் பேர் ஆஸ்பத்திரியில் என்று செய்தி வரும்போதெல்லாம், "திடீர்னு வந்து தாக்கிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அதில் திடீர் எதுவும் இல்லை. யாராவது ஒரு பையன் கல் எறிந்திருப்பான். யாராவது கூட்டுக்கு நேர் கீழே குப்பையைக் கொளுத்தியிருப்பார். சாவு ஊர்வலத்தில் வெடித்த வெடியின் புகை மேலே போயிருக்கும். தேன்பருந்து வந்து அடையைக் கிழித்திருந்தாலும் இதே கதிதான். ஆனால் பருந்துக்குப் புத்தி சொல்ல முடியாது.

மனிதனுக்குச் சொல்லலாம். பட்டப்பகலில் தீப்பந்தம் பிடிக்கிறானே, அந்த மனிதனுக்கு!

பந்தம் பிடித்தவன் தப்புகிறான்

நடப்பது இதுதான். அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள் எங்கிருந்தோ ஓர் ஆளைக் கூட்டி வருகிறார்கள். கூலி கொஞ்சம், கூட்டில் இருக்கும் தேனும் அவனுக்கே. அவன் உடம்பெல்லாம் சாக்கைச் சுற்றிக் கொண்டு ஏறுகிறான். பந்தத்தைக் காட்டுகிறான். தேன் இருக்கும் பகுதியை அறுத்துக் கொண்டு போய்ச் சேர்கிறான். கட்டடத்துக்காரர்கள் முன்கூட்டியே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி விடுகிறார்கள்.

தெருவுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை!

கூட்டை இழந்த தேனீ தெருவில் இறங்குகிறது. அதற்குக் கட்டடச் சங்கத்தின் செயலாளர் யார், இஸ்திரிக்காரர் யார் என்று தெரியுமா? எதிரே அசைவது எதுவோ அதைக் கொட்டும். ஓடத் தெரிந்தவன் ஓடி விடுகிறான். மாட்டிக் கொள்கிறவர்கள் கேட்டை விட்டு நகர முடியாத வாட்ச்மேன், கைத்தடி ஊன்றிய கிழவி, தள்ளு வண்டிக் குழந்தை. பிறகு வாயில்லா ஜீவன்கள்.

ஒரு தேனீ கொட்டியதும் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கி விடுகிறது. அதோடு ஒரு வாசனையும் கிளம்புகிறது. வாழைப்பழ வாசனை போல இருக்கும். "இங்கே வா, இங்கே கொட்டு" என்று மற்றத் தேனீக்களுக்கு அது தாக்கீது. கையை வீசி அடித்தால் இன்னும் நாலு கொட்டும். முகத்தை மட்டும் மூடிக் கொண்டு, பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்த வேண்டும். குளத்தில் குதிப்பதெல்லாம் சினிமாவில்தான். தலை வெளியே வரும் வரை தேனீ மேலேயே காத்திருக்கும்.

"கொலைகாரத் தேனீ" என்று ஒன்று உலகப் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது உண்டு. ஆராய்ச்சிக்காகப் பிரேசிலுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்த ராணித் தேனீக்கள் 1957-ல் கூட்டத்தோடு தப்பின. உள்ளூர்த் தேனீயோடு கலந்து, பெருகி, 1990-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக்குள் நுழைந்தன. அது இங்கே வரவில்லை. வரவும் வேண்டாம். கோபத்தில் அதற்குச் சளைக்காதது இங்கே தொட்டியில் தொங்கும் மலைத்தேனீ!

சங்கிலியே எமன்

வெறும் ஆள் ஓடலாம். சங்கிலியில் கட்டிய நாய் எங்கே ஓடும்? வளையம் வளையமாகச் சுற்றும். சுற்றச் சுற்றச் சங்கிலி இறுகும். நாய் தேனீயைக் காற்றிலேயே கவ்வப் பார்க்கும். வாயிலும் தொண்டையிலும் கொட்டு வாங்கும். தொண்டை வீங்கினால் மூச்சு அடைத்து விடும். கறுப்பு நிறமும் அடர்ந்த ரோமமும் தேனீயின் கோபத்தை மேலும் கிளப்பும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் இருபது கொட்டு விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. பத்துக் கிலோ நாய் என்றால் இருநூறு. கூடு கலைந்த நேரத்தில் இருநூறு என்பது சில நிமிட வேலை. முளைக்குச்சியில் கட்டிய பசுவுக்கும், கூண்டில் இருக்கும் கோழிக்கும் இதே நிலைமைதான். கூடு தொங்கும் பக்கத்தில் நாயைக் கட்டாதே, மாட்டைக் கட்டாதே. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடு.

கொட்டு வாங்கிய நாயை, "கொஞ்சம் பார்ப்போம், சரியாயிடும்" என்று வைத்திருக்கக் கூடாது. முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, துவண்டு படுத்தாலோ உடனே கால்நடை ஆஸ்பத்திரிதான்.

சுண்ணாம்பு போதாது

மனிதர்களுக்கு இரண்டு விதமான ஆபத்து. சிலர் உடம்புக்குத் தேனீ விஷம் ஆகவே ஆகாது. அவர்களுக்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், தலை சுற்றல், மயக்கம். நிமிடக் கணக்கில் ஆள் போய் விடுவான். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. விலை உயர்ந்த மருந்து ஒன்றுமில்லை. ஆனால் கையில் இருக்க வேண்டும். தாமதம் இல்லாமல் போட வேண்டும். 108 வண்டிக்குச் சொல்லி விட்டு ஆளைப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க விடக் கூடாது.

இன்னொரு விதம், நிறையக் கொட்டு வாங்கியவர்கள். இவர்கள்தான் ஏமாந்து போகிறவர்கள். வலி குறைந்ததும் வீட்டுக்குக் கிளம்பி விடுகிறார்கள். விஷம் உள்ளே தசையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொண்டிருக்கும். மறுநாள் சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போகும்போதுதான் பயம் வரும். ஐம்பது, நூறு என்று கொட்டு வாங்கியவர் தெம்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தச் சோதனை செய்து கொள்ள வேண்டும்.

கொடுக்கை நகத்தாலோ, கிள்ளியோ, எப்படியாவது எடு; சீக்கிரம் எடு. விஷப்பை கொடுக்கோடு ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் பெரும் பகுதியை உள்ளே இறக்கி விடும். சுண்ணாம்பு, வெங்காயம் எல்லாம் அப்புறம். சுண்ணாம்பு தேடிப் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் பாதி வேலை முடிந்து விடும்.

ராத்திரி வேலை

கூடு இருக்கிற எல்லா இடத்திலும் கலைக்க வேண்டும் என்பதில்லை. இந்தத் தேனீ குடியிருக்க வந்ததல்ல, வந்து போவது. பூ குறைந்தால் சில மாதத்தில் தானே கிளம்பி விடும். முருங்கைக்கும் மாமரத்துக்கும் வேலை செய்து விட்டுத்தான் போகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் விட்டு விடலாம். பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தால் விட முடியாது.

கலைப்பது தீயணைப்புப் படையோ பழகிய ஆளோ செய்ய வேண்டிய வேலை. இருட்டிய பிறகு செய்ய வேண்டும். மலைத்தேனீ விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும். ஆகவே சுற்று வட்டார வீடுகளில் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டும். நீலகிரிக் காடுகளில் தேன் எடுக்கும் பழங்குடியினருக்கு இந்த வித்தை பரம்பரை பரம்பரையாகத் தெரியும். பச்சை இலைப் புகையால் விரட்டுவார்கள். நகரத்துக்காரனுக்குத் தெரிந்தது மண்ணெண்ணெய்தான்! சிறகு கருகிக் கீழே விழுந்த தேனீ செத்து விட்டது என்று நினைத்து மிதிக்கிறார்கள். அதுவும் கொட்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதல் நாளே தெருவில் சொல்லாமல் யாரும் கூட்டில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போடட்டும். பகலில் பந்தம் பிடிக்கச் சொன்ன கட்டடத்துக்காரர்களிடம் அபராதம் வாங்கட்டும். கொட்டு வாங்கியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவும் அவர்கள் தலையிலேயே விடியட்டும். நகரத்தின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த ஊசி எந்த நேரமும் இருக்கிறதா என்று வேப்பம்பூக் காலத்துக்கு முன்பே ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.

கூட்டை எடுத்த மறுநாளும் வெளியே போயிருந்த தேனீக்கள் பழைய இடத்தையே சுற்றிக் கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு அந்த வாசலில் இஸ்திரி வண்டி நிற்கக் கூடாது. நாயும் கட்டக் கூடாது.