காற்றுக்குச் சாதி இல்லை என்பவர்கள் கொடுங்கையூருக்கு வரட்டும்

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் 30க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, சிலர் மயங்கி விழுந்தார்கள். பள்ளியை மூடினார்கள். நவம்பர் 4 அன்று மறுபடியும் திறந்தபோது மறுபடியும் சிலர் மயங்கினார்கள். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள்.

பிள்ளைகள் மயங்கி விழுந்ததால்தான் இவை செய்தியாயின. மயங்கி விழாமல், இருமிக்கொண்டே பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள் செய்தியாவதில்லை. நவம்பர் வந்தால் தில்லிப் புகையைப் பற்றி நம் தொலைக்காட்சிகள் விவாதம் நடத்துகின்றன. சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது, நமக்குக் கவலையில்லை என்று முடித்துக்கொள்கிறார்கள். இந்த நிம்மதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது காற்றுத்தரக் குறியீடு என்கிற ஒற்றை எண்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்தியக் குறியீட்டின்படி ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் அது 'திருப்தி' என்ற பிரிவுக்குள்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணிநேர வரம்போ வெறும் 15. ஆண்டுச் சராசரியில் இடைவெளி இன்னும் பெரிது. அவர்கள் சொல்வது 5, 2009இல் நாம் வகுத்துக்கொண்டது 40. பென்சீனுக்குத் தேசியத் தரவரம்பு உண்டு, ஆனால் குறியீட்டில் கணக்கிடப்படும் எட்டு மாசுகளில் பென்சீன் இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இந்த விடுபடல் சின்ன விஷயமா?

இனி பிள்ளைகளின் உடலுக்கு வருவோம். வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார், பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று நம்மைவிட மிக அதிகம், அதோடு சேர்ந்து வரும் நஞ்சும் அதிகம். உயரமும் ஒரு காரணம். வண்டிகளின் புகைக்குழாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் நடக்கும் குழந்தையின் மூக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, நுரையீரல் பிறக்கும்போதே முழுமையடைந்த உறுப்பு அல்ல. காற்றுப்பைகள் பிறந்த பிறகும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன, நுரையீரலின் கொள்ளளவு இருபது வயதை ஒட்டி உச்சத்தை எட்டுகிறது. அந்த வளர்ச்சி குன்றினால், அந்தக் குறையோடுதான் மிச்ச வாழ்நாள் முழுவதும்.

இது ஊகம் அல்ல. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 1990களில் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் திறனை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, நுண்துகள் மிகக் குறைவான ஊர்களில் 18 வயதில் நுரையீரல் திறன் குன்றியவர்கள் 1.6 விழுக்காடு, மிக அதிகமான ஊர்களில் 7.9 விழுக்காடு. அதே ஆய்வின் அடுத்த பாகம் 2015இல் வந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் குன்றியவர்கள் முதலில் 7.9 விழுக்காடாக இருந்தார்கள், சட்டங்கள் கடுமையாகிக் காற்று சுத்தமானபின் வளர்ந்த பிள்ளைகளிடம் அது 3.6ஆகக் குறைந்திருந்தது. அரசு நினைத்தால் ஒரு தலைமுறையின் நுரையீரலை மீட்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

நம் ஊரிலும் சான்று உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பக் காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடக்கூடப் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 2 விழுக்காடு கூடுகிறது. 4 கிராம் என்பது அற்பமாகத் தெரியலாம். ஏற்கெனவே இரத்தசோகையோடு வேலைக்குப் போகும் தாயின் வயிற்றில் அது எப்படிக் கூட்டிக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட 1,69,400 குழந்தைகளின் சாவுக்குக் காற்று மாசு காரணம் என்று, யுனிசெஃபுடன் சேர்ந்து வெளியிடப்பட்ட உலகக் காற்றுநிலை அறிக்கை மதிப்பிட்டது. இதில் விறகடுப்புப் புகைக்கும் பெரும் பங்கு இருக்கிறது.

இந்த இடத்தில் நம் நண்பர்களிலேயே சிலர், "காற்றுக்குச் சாதி கிடையாது தோழர், எல்லோரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நகரின் வரைபடம் வேறு சொல்கிறது.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது, 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகைத் திறந்துவைத்தார்கள், மூடிய பழைய எண்ணூர் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கம் வேண்டும் என்கிறார்கள். 2009இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது, 2018இல் மறுபடி அளந்தபோது அதன் மதிப்பெண் இன்னும் மோசமாகியிருந்தது. நடவடிக்கை எடுக்கச் சொல்லும் பட்டியல் அது. ஆலைகள்தான் கூடின.

எண்ணூர்க் கரையில் இருப்பவர்கள் மீனவர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பகுதிகளில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் துப்புரவுக்கும் உழைக்க வந்த தலித் மக்களும் பிற உழைக்கும் சாதியினரும். நகரின் மற்ற பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு வீடு ஒதுக்கியதும் குப்பைமேட்டுக்கு அருகில், எழில் நகர் போன்ற இடங்களில்தான். அண்ணா நகர் மண்டலத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. கொடுங்கையூரின் குப்பை அண்ணா நகருக்குப் போவதில்லை.

ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் 'பொல்யூஷன்' என்று ஒரே சொல். தமிழில் அவை இரண்டு சொற்கள், ஆனால் இரண்டும் வாழும் முகவரி ஒன்று. தீட்டு என்று சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். நகரம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'காலி நிலம்', 'தொழில் மண்டலம்' என்று பெயர் மாற்றி, தன் கழிவையெல்லாம் அதே மக்களின் வாசலில் கொண்டுவந்து கொட்டியது. சூழலியல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை ஆய்வுக்காக வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் மக்கள்தொகைப் பிரிவில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற எண் பெரும்பாலும் இருக்கும். புகை எங்கே போய் இறங்கும் என்று கணிக்கும் பிரிவு தனியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அறிக்கை ஒன்றுகூட இதுவரை என் கையில் சிக்கவில்லை.

சாதி புகைபோக்கியின் இடத்தைத் தீர்மானிப்பதோடு நிற்பதில்லை. ஒரே அளவு நஞ்சை உள்ளிழுத்த இரு பிள்ளைகளில் ஒருவருக்கு வீட்டில் ஏசியும் காற்றுச் சுத்திகரிப்பானும் நுரையீரல் மருத்துவரும் உண்டு. இன்னொருவருக்கு 'வீசிங்' என்று ஒரு பெயர், இருமல் மருந்து ஒரு பாட்டில், நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் போய் நெபுலைசர். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வேறு. (அந்தப் பயத்தைப் போக்க ஒரு விளம்பரம்கூட அரசு செய்ததில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. போகிக்கு டயர் எரிக்காதே என்று சொல்ல மட்டும் ஆண்டுதோறும் வருகிறார்கள்.) பிள்ளைக்கு மூன்று நாள் பள்ளி போனால், தாய்க்கு மூன்று நாள் கூலி போகிறது.

லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகில் அவள் வீடு. தாய் ரோசமண்ட் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடி மறுவிசாரணை பெற்றார். 2020 டிசம்பரில் அவள் சாவுக்கான காரணங்களில் காற்று மாசும் ஒன்று என்று பதிவானது. பிரிட்டனில் அதுதான் முதல்முறை. அந்த வழக்கில் உதவியது என்ன? அந்தச் சாலைக்கு அருகில் காற்றை அளக்கும் கருவி இருந்தது, அவள் எந்தெந்த நாள் மருத்துவமனைக்குப் போனாள் என்ற பதிவும் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. கொடுங்கையூரில் ஒரு ரோசமண்ட் எழுந்து நின்றால் அவர் கையில் என்ன பதிவு இருக்கும்?

இப்போது முன்னால் நிற்கும் பிரச்சினை, கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப்போவதாகச் சொல்லும் மாநகராட்சியின் எரிவுலைத் திட்டம். 2025இல் அப்பகுதி மக்கள் இதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நம் குப்பையில் பெரும்பகுதி ஈரக் குப்பை, அது எளிதில் எரியாது. எரிய வைக்க பிளாஸ்டிக் வேண்டும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் உருவாகும். வடிகட்டியில் பிடித்துவிடுவோம் என்கிறார்கள். பிடித்த நச்சுச் சாம்பலை எங்கே கொட்டுவார்கள் என்றும் சொல்ல வேண்டும். வடிகட்டி வைப்போம் என்ற வாக்குறுதியை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அனல்மின் நிலையங்களே உதாரணம். கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015இல் விதி போட்டார்கள், 2017க்குள் முடிக்க வேண்டும் என்றார்கள், கெடுவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் ஒன்றிய அரசு நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியிலிருந்தே விலக்கு அளித்துவிட்டது.

எரிவுலைத் திட்டத்தைக் கைவிட வேண்டும், குப்பையை அந்தந்த மண்டலத்திலேயே பிரித்து அங்கேயே உரமாக்க வேண்டும். அண்ணா நகரின் ஈரக் குப்பையை அண்ணா நகரே பார்த்துக்கொள்ளட்டும். கூடவே, எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்ய வேண்டும். ஊதிப் பார்க்கும் சிறு கருவி, சில நிமிட வேலை. அங்கன்வாடிகளில் எடை பார்க்கும் பதிவேட்டில் மூச்சுத்திணறலுக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அளவிகளைப் பள்ளி வளாகத்திலேயே வைக்க வேண்டும், கிடைக்கும் எண்களை வார்டுவாரியாக, சராசரியில் கரைக்காமல் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் ஓர் அரசாணையில் கையெழுத்திட்டால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.