வாணத்துக்கும் நமக்கும் நடுவே



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் வாயில் ஒரே பல்லவிதான்: "அப்பா, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்!" தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காலத்தில் கோம்பாக் மிமாலேண்டே பெரிய அதிசயம். 1975-இல் திறந்த அந்தப் பூங்கா 1994-இல் மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 1993-இல், சன்வே லகூன் வந்துவிட்டது. ஈயம் தோண்டி எடுத்தபின் பாழாய்க் கிடந்த பெரும் பள்ளத்தில்தான் அலையடிக்கும் குளமும் சறுக்குகளும் அமைத்தார்கள். நம் முன்னோர் பலர் வியர்வை சிந்திய ஈயச் சுரங்கங்களில் ஒன்று இப்படிக் கேளிக்கைப் பூங்கா ஆனதே, வேடிக்கையாக இல்லையா?

போவதும் எளிது. கிள்ளானில் ஏறினாலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கே.எல். சென்ட்ரலில் ஏறினாலும் ஒரே கொமுட்டர் தடம்தான். செத்தியா ஜெயாவில் இறங்கி, 2015-இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்தில் மாறிக்கொள்ளலாம். புத்தாண்டுக்கு முந்திய இரவுகளில் அங்கே வாணவேடிக்கையும் வைத்திருக்கிறார்கள். பூங்கா மூடும்வரை இருந்து அதைப் பார்க்கப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். இருந்துவிட்டே வாருங்கள். ஆனால் சும்மா பார்த்துவிட்டு வராதீர்கள்.

வானத்தில் ஒளி தெரிந்ததும் பிள்ளையை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடி கழித்துச் சத்தம் கேட்டால் வாணம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தள்ளி வெடித்திருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். ஒளியோ கண் சிமிட்டுமுன் வந்துவிடும். சிவப்பு ஸ்ட்ரான்சியம் தருவது. பச்சை பேரியம் தருவது. மஞ்சள் சோடியம், நீலம் செம்பு. வகுப்பில் மண்டையில் ஏறாத பாடம், வானத்தில் எழுதினால் ஏறிவிடும்!

பிறகு இன்னொன்றையும் சொல்லுங்கள். வாணத்தின் அழகே அதற்கும் நமக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரம் கிடைக்காதவர்களும் உண்டு. 1991 மே 7-ஆம் நாள், இதே சிலாங்கூரில், சுங்கை பூலோவிலிருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் வாணத் தொழிற்சாலை வெடித்தது. 26 உயிர்கள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றுவட்டார வீடுகளும் சேதமடைந்தன. அதே ஆண்டில் 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் திருத்தப்பட்டுப் பட்டாசுக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. "முன்பெல்லாம் தீபாவளிக்கு இஷ்டம்போல் வெடித்தோமே" என்று குறைப்படும் பெரியவர்கள் அந்த 26 பேரையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்தும் கதை அதுதான். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை தீப்பற்றியதில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். நமக்கு ஒரு மாலை நேரத்து மகிழ்ச்சி. மருந்து இடிக்கும் கைகளுக்கு அது தினசரி ஆபத்து.

இதைக் கேட்டால் பிள்ளையின் சந்தோஷம் கெட்டுப்போகுமா? கெடாது. சோறு உண்ணும்போது உழவனை நினைத்தால் சோறு கசந்தா போகிறது? மாறாக, அடுத்த தீபாவளிக்கு வெடிக்காத பட்டாசைக் கையில் எடுத்துப் பார்க்கும் துடுக்குத்தனம் அடங்கும். அந்தத் துடுக்கினால் விரல் போன, கண் போன குடும்பங்களின் வேதனையை நான் சொல்லவும் வேண்டுமா?

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வாணம் அணைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவையுங்கள், கூட்டம் கலையட்டும். கைபேசி எண்ணை எழுதிச் சின்னவன் சட்டைப்பையில் முன்பே வைத்துவிடுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதையும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் உள்ளே நுழையும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாணம் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும். போய் வாருங்கள்!