அலையின் தலை ஏன் தட்டையானது?

அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு போலிடெக்னிக் மாணவர் இருக்கிறார். இறுதியாண்டுப் பணிக்காகச் சொந்தமாக ஒரு சிக்னல் ஜெனரேட்டர் செய்தார். பாசார் ரோட்டில் சாமான் வாங்கி, சால்டர் வைத்து, இரவல் ஒசிலோஸ்கோப்பில் பார்த்தால், அழகாக வளைய வேண்டிய சைன் அலை மேலும் கீழும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக நிற்கிறது. ஒப்படைக்க நான்கே நாள். “ஐசி போச்சு அங்கிள், முதலிலிருந்து செய்யணும்” என்று பலகையைத் தூக்கிப்போடப் போனார்.

தூக்கிப்போட அவசியமே இல்லை. அவர் செய்தது ‘வீன் பிரிட்ஜ்’ சுற்று. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 15 நானோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. கணக்குப்படி நொடிக்குச் சுமார் 1,060 அலைகள் வரவேண்டும்; திரையிலும் அவ்வளவுதான் இருந்தது. ஆக, அந்தப் பகுதி சரி. கோளாறு பெருக்கத்தில். இந்தச் சுற்றில் பெருக்கம் 3 மடங்கில் நிற்கவேண்டும். குறைந்தால் அலை அடங்கிப்போகும். கூடினால் பேட்டரியின் எல்லைவரை ஏறி, அங்கே முட்டித் தட்டையாகும்.

பிரிசெட்டை மெல்லத் திருகினார். அலை உருண்டு வந்தது. சிறிது நேரத்தில் செத்தும் போனது! கையால் திருகி 3ஐப் பிடித்து வைக்க முடியாது.

இதே தலைவலிக்கு அமெரிக்காவின் வில்லியம் ஹியூலெட் கண்ட மருந்து, ஒரு சின்ன விளக்கு. அலை பெரிதானால் விளக்கின் இழை சூடேறும், மின்தடை கூடும், பெருக்கம் தானாக இறங்கும். டேவிட் பேக்கர்டுடன் அவர் 1939இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருளே இந்தக் கருவிதான். அதன் மேம்பட்ட வகையில் எட்டை டிஸ்னி ‘ஃபேன்டேசியா’ படத்துக்காக வாங்கியது. அதே ஹெச்பி 1972இல் நம் பினாங்குக்கும் வந்தது.

நம் தம்பி விளக்கைத் தேடி அலையவில்லை. பின்னூட்டுப் பாதையில் இரண்டு சிறு டயோடுகளை எதிரெதிராகப் போட்டார். சில காசு செலவு. அலை நின்றது.

வேறு வடிவங்களும் பேசும். ஒரு பக்கம் மட்டும் தட்டையா? அந்தப் பக்கத்து பேட்டரியை மீட்டரில் அளந்து பாருங்கள். அதிர்வெண்ணைக் கூட்டும்போது சைன் அலை முக்கோணமாகிறதா? பழைய 741 ஐசியால் மைக்ரோநொடிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் ஓட முடியாது, டிஎல்072 போடலாம். ஆனால் இதற்கெல்லாம் முன், புரோப்பை ஒசிலோஸ்கோப்பின் முகப்பிலுள்ள சோதனை முனையில் மாட்டுங்கள். அங்கேயே சதுர அலை கோணலாகத் தெரிந்தால், குற்றவாளி உங்கள் சுற்று அல்ல. புரோப்பிலுள்ள சின்னத் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டு பிளக்கிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் சுற்று என்றால் மட்டும் கை வைக்காதீர்கள். புரோப்பின் கறுப்பு முதலைக் கிளிப், ஒசிலோஸ்கோப்பின் மூன்று முள் பிளக் வழியாக எர்த்தோடு சேர்ந்தது. 240 வோல்ட் உள்ள இடத்தில் அதை மாட்டினால் கருவி புகையும்; ஆளுக்கும் ஆபத்து.