மலையின் உயரமும் கைபேசியின் எண்ணும்

திருவனந்தபுரத்திலிருந்து போணக்காடு வழியாக அகஸ்தியகூடத்துக்கு ஏறிச்செல்லும் இளைஞர்களிடையே இன்று ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையை எதிர்த்தே இதை எழுதுகிறேன். கையிலுள்ள கைபேசியோ மணிக்கட்டிலுள்ள கடிகாரமோ எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுவே தாம் நிற்கும் இடத்தின் உயரம் என்றும், செயற்கைக்கோள்கள் கணித்துச் சொன்னதை மனிதன் சந்தேகிப்பது அறியாமை என்றும் அவர்கள் மனப்பூர்வமாகக் கருதுகிறார்கள். மூடுபனி இறங்கும் மலைக்காட்டில் இந்த நம்பிக்கை ஆபத்தானது; அதிலும் விசேஷமாக, உலகில் இதற்கு மிகக் குறைவாக ஆதாரமுள்ள பிரதேசங்களில் ஒன்று நம்முடைய தென்கோடியே.

செயற்கைக்கோள் முறையில் முதலில் கிடைக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டதன்று. துருவங்களில் சற்றே தட்டையான, வழவழப்பான ஒரு கோளமாகப் பூமியைக் கணிதத்தின் வசதிக்காகக் கற்பித்து, அந்தக் கற்பிதப் பரப்பிலிருந்தே ஜிபிஎஸ் யந்திரம் உயரத்தைக் கணிக்கிறது. மெய்யான கடலோ பூமியின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு, ஈர்ப்பு மிகுந்த இடத்தில் மேடிட்டும் குறைந்த இடத்தில் தாழ்ந்தும் நிற்பது. இலங்கைக்குத் தெற்கே இந்துமகா சமுத்திரத்தில் அது கற்பிதக் கோளத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. பூமியில் இத்தனை ஆழமான ஈர்ப்புப் பள்ளம் வேறெங்கும் இல்லை. அதன் காரணத்தைப் பூமியின் ஆழத்தில் எழும் இலேசான வெப்பப் பாறைப் பொருளோடு தொடர்புபடுத்திப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்பு திருவனந்தபுரத்தையும் அகஸ்தியகூடத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டிருப்பதால், இங்கே இரண்டு பரப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். திருத்தம் செய்யாத யந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு சங்குமுகம் கடற்கரையில் நின்றால், நீர் காலைத் தொடும்போதே நாம் கடலுக்கு 90 மீட்டர் கீழே இருப்பதாக அது சொல்லும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியகூடத்தின் உச்சியில் அதே யந்திரம் 1,780-ஐயும் எட்டாது.

இந்தத் திருத்தத்தைக் கைபேசியே செய்துவிடாதா என்று கேட்பார்கள். சில செய்கின்றன, சில செய்வதில்லை. ஐபோன் கடல் மட்ட உயரத்தைத் தருகிறது. ஆண்ட்ராய்டு நெடுங்காலமாகச் செயலிகளுக்குக் கொடுத்துவந்தது கோளத்திலிருந்து கணித்த உயரத்தையே. கடல் மட்ட உயரத்தைத் தனியே தரும் ஏற்பாடு அதன் 14-ஆம் பதிப்பில்தான் வந்தது. செயலியை எழுதியவர் திருத்தத்தைச் சேர்த்தாரா இல்லையா என்பது திரையில் தெரிவதில்லை. ஆகவே ஒரே பாறையில் தோளோடு தோள் உரச நிற்கும் இருவர் 90 மீட்டர் வித்தியாசமான இரு உயரங்களில் நிற்பதாகத் தத்தம் யந்திரங்களால் நம்பவைக்கப்படுகிறார்கள். அந்நிய நாட்டு மலையேற்ற நூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: பிரிட்டனில் கடற்பரப்பு அந்தக் கோளத்துக்குச் சுமார் 50 மீட்டர் மேலே நிற்பதால், அங்கே பிழை உயரத்தைக் கூட்டிக் காட்டும், இங்கே குறைத்துக் காட்டும். அங்கே கற்ற பாடம் இங்கே நேர்விரோதமாகப் பலிக்கும்.

இதனால் விளையும் தீங்கு அற்பமானதன்று. இந்திய சர்வே இலாகாவின் 1:50,000 அளவுப் படத்தில் சம உயரக் கோடுகள் மலைப்பகுதிகளில் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடுகின்றன. 1,100 மீட்டர் கோட்டில் ஒற்றையடிப் பாதை ஒன்று சரிவைவிட்டு விலகித் திரும்புகிறது என்று படம் காட்டினால், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத சோலைக்காட்டில் அந்த எண்ணையே நம்பி ஏறுகிறவன், திருப்பத்தைக் கடந்து நான்கு கோடுகளுக்கு மேலேயும் ஏறிக்கொண்டேயிருப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையில் 90 மீட்டர் ஏற்றம் என்பது வேறொரு ஓடைப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதற்குப் போதுமானது.

செயற்கைக்கோளை விட்டுக் காற்றழுத்தமானியை நாடுகிறவர்களும் இந்த மயக்கத்திலிருந்து தப்பிவிடவில்லை. அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் கடிகாரம், கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள ஒரு கற்பித வாயுமண்டலத்தைத் தன் பிரமாணமாகக் கொண்டது. நம்முடைய காற்றோ அதைவிடப் பத்துப் பதினைந்து பாகை வெப்பமானது. வெப்பக் காற்று விரிந்து உயர்ந்து நிற்பதால், 1,000 மீட்டர் ஏறினவனுக்கு அந்தக் கடிகாரம் சுமார் 950 மீட்டரே கணக்குக் கொடுக்கும். இதற்குமேல், பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள நாடுகளில் வாயுமண்டலம் கடலைப்போலவே நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சத்திலிருக்கும் அழுத்தம் பிற்பகல் நான்கு மணிக்குள் ஏறத்தாழ 3 மில்லிபார் இறங்கிவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கிறவனும் அதற்குள் 25 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் கடிகாரம் சாதிக்கும். ஒரு பிழை குறைத்துக் காட்ட, மற்றொன்று கூட்டிக் காட்ட, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து எண் தற்செயலாகச் சரியாக அமையும் நாட்களே மிகவும் அபாயகரமானவை. ஏனெனில் அன்றுதான் மூடநம்பிக்கை உறுதிப்படுகிறது.

இவையெல்லாம் இந்த ஊருக்குப் புதிய செய்திகள் அல்ல என்பதே என் மனத்தை உறுத்துகிறது. சுவாதித் திருநாள் மகாராஜா ஆதரவில் 1837-ல் எழுந்த திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கு 1852 முதல் 1865 வரை தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காத்லாந்துக்காரர், காட்டு வழியே கருவிகளைச் சுமந்து செல்லச் செய்து அகஸ்தியகூடத்தின் உச்சியிலேயே ஒரு துணை ஆய்வுக்கூடத்தை நிறுவினார். நகரத்தில் எடுத்த காந்த அளவுகளையும் வானிலை அளவுகளையும் மலையுச்சியில் எடுத்தவற்றோடு ஒப்புநோக்குவதே அவருடைய சாதனையின் உயிர்நிலை. தனியாக நிற்கும் ஓர் அளவு எதையும் நிரூபிப்பதில்லை. கீழே ஒரு கருவியும் மேலே ஒரு கருவியும் இருந்து இரண்டையும் ஒரே வேளையில் பார்த்தால்தான் மலைக்கு உரியதையும் காற்றின் விகாரத்துக்கு உரியதையும் பிரித்தறிய முடியும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இதே மலையில் ஸ்தாபிக்கப்பட்ட இந்த விவேகத்தை, சட்டைப்பைக்குள் ஒரு யந்திரம் வந்துவிட்டது என்பதற்காக நாம் கைவிடலாமா?

காந்தத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். காந்த மத்தியரேகை இந்த ஊரை ஒட்டிச் செல்வதனால்தான் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் எழுந்தது. அந்த ரேகைக்கு மேலுள்ள வாயுமண்டலத்தின் மின்னேறிய அடுக்குகள் சூரியன் மறைந்த பிறகு கலங்கிக் குமிழியிடுகின்றன. அவற்றின் வழியே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் சில இரவுகளில் தடுமாறுகின்றன. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருந்து, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லாத காரணத்தால் உயரத்தின் பிழை எப்போதுமே கிடைத்தளப் பிழையைவிடப் பெரியது. மரக்கவிகையும் இரவின் கலக்கமும் சேர்ந்தால் அது இன்னும் பெருகும்.

யந்திரங்களைத் தூக்கி எறியவேண்டுமென்று நான் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரிந்த உயரமுள்ள இடத்தில் அழுத்தமானியைத் திருத்திக்கொண்டு புறப்பட்டு, வழியில் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் மீண்டும் திருத்தவேண்டும்; முகாமில் படுக்குமுன் எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்துக் காலையில் ஒப்பிடவேண்டும். இடம் மாறாதிருக்க எண் மட்டும் வழக்கமான அலைவுக்கு மிஞ்சி உயர்ந்திருந்தால், அழுத்தம் விழுந்துவிட்டது, மழை வரலாம் என்று கொள்ளவேண்டும். செயலி எந்த மட்டத்திலிருந்து கணிக்கிறது என்பதை மலைக்குப் போகுமுன் கடற்கரையில் ஒருமுறை சோதித்துக்கொள்வது யாருக்கும் எளிது.

ஆனால் தெரிந்த இடங்கள் இருந்தால்தானே திருத்த முடியும்? சமவெளியில் ஓடும் ரயிலுக்கு ஒவ்வொரு நிலையத்துப் பலகையிலும் கடல் மட்ட உயரத்தை எழுதிவைக்கிற நாட்டில், போணக்காட்டிலும் அதிருமலை முகாமிலும் பொங்காலைப் பாறையிலும், முறையாக அளந்த உயரத்தையும் அது எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்பதையும் செதுக்கிய ஒரு கல்லை வனத்துறையும் சர்வே இலாகாவும் சேர்ந்து நாட்டுவது பெரிய செலவன்று. வழிகாட்டியாக வரும் காணிமக்களுக்கு அந்தக் கல் வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டுவிட்ட மற்றவர்களுக்கு அது இன்றே வேண்டும்.